மேசைமீது ஒரு மரக்கலம்

விடுமுறைக் காலத்தில் என் இல்லத்துக்கு வருவோர், விறாந்தை மேசையிற் கிடக்கும் மரச்சீவல்களையும் நூற்பந்துகளையும் கண்டு, “இஃதென்ன சிறுபிள்ளை விளையாட்டு?” என்று கேட்பதுண்டு. கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கால் அங்குல உளியும் கையுமாக அமர்ந்து மரத்தோணி செய்துகொண்டிருப்பது அவர்களுக்கு வியப்பாகவே இருத்தல் கூடும். ஆயினும் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் எல்லாரும் சிறுபிள்ளைகளல்லர் என்பதை வரலாறு காட்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கடற்படைக்கெனப் போர்க்கப்பல்களின் சிற்றுருவங்கள் மிக நுட்பமாகச் செய்யப்பட்டன. அவற்றுட் பலவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழ்ப் பலகை பொருத்தப்படுவதில்லை. உள்ளிருக்கும் விலாச் சட்டங்கள் காண்போர்க்குத் தெரியவேண்டும் என்பதற்காக அவ்விடம் திறந்தே விடப்பட்டது. அத்தகையனவற்றை இன்றும் கிறீனிச்சிலுள்ள கடல்சார் நூதனசாலையிற் காணலாம். நெப்போலியன் காலப் போர்களிற் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரரோ, மரம் அரிதாயிருந்தமையால், உணவுக்குக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்து வைத்து, அவற்றைச் சீவிக் கப்பல்கள் செய்தனர். 1797 இல் கைதிகளை ஏற்கத் தொடங்கிய நோர்மன் குறொஸ் சிறைமுகாமில் அவர்கள் செய்த பொருள்களைச் சந்தையில் விற்கவும் இடங் கொடுக்கப்பட்டது. எலும்பிற் கப்பல் கண்ட அக்கைதிகளை நினைக்கும்போது, நல்ல மரம் கிடைக்கவில்லையே என்று நாம் குறைகூற நா எழாது.

மரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். தேக்கு உயர்ந்த மரமே. ஆனால் சிற்றுருவத்துக்கு ஏற்றதன்று. அதன் இழையோட்டம் பெரிது. 48 இல் ஒரு பங்காகச் சுருக்கிய கப்பலில் அவ்விழைகள் வடக்கயிறுபோற் கண்ணை உறுத்தும். மேனாட்டார் பொக்ஸ், பெயார் முதலிய மரங்களை நாடுவர். நம் வளவுகளில் பட்டுப்போகும் தோடை, எலுமிச்சை மரங்களின் கட்டை இறுகிய நெருங்கிய இழையுடையது. விறகாய் எரியும் அதனை ஈராண்டு நிழலிற் காயவைத்தால் இதைவிடச் சிறந்த பொருள் வேறு வேண்டியதில்லை. காயாத மரத்தைத் தொடுதலாகாது. அவசரத்தில் நான் பச்சை வேம்பிற் செய்த முதற் கப்பல், பங்குனி வெயிலில் நெடுக வெடித்துவிட்டது.

அளவைப் பற்றியும் கூறுகிறேன். ஓர் அடியைக் கால் அங்குலமாகக் கொள்வதே 48 இல் ஒரு பங்கு எனும் அளவு. இதன்படி ஆறடி மனிதன் ஒன்றரை அங்குலமே இருப்பான். ஈர்க்கில் துண்டொன்றை அவ்வளவுக்கு முறித்து மேற்றட்டில் நிறுத்திப் பாருங்கள். கைபிடிச்சுவர் அவன் தலைக்குமேல் நிற்பின் உங்கள் கணக்கு எங்கோ பிழைத்துவிட்டது. எந்த நூலும் கற்பியாத பாடத்தை அவ்வீர்க்கில் மனிதன் கற்பிப்பான்.

ஏரா எனும் அடிமரத்தை முதலில் அமைத்து, அதன்மேல் வங்குக்கால்களை நிறுத்தி, அவற்றின்மீது மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்துதலே முறை. பலகையைக் கொதிநீரில் ஊறவைத்தால் அது வளையும். ஆனால் புதியவர் தவறுவது வளைப்பதில் அன்று. கப்பலின் நடுப்பகுதியின் சுற்றளவு பெரிது. அணியத்தில் அது சிறிது. ஒரே அகலமுள்ள பலகைகளை அடுக்கிக்கொண்டு போனால், முன்பக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபடும். ஆதலின் ஒவ்வொரு பலகையையும் அணியத்தை நோக்கிச் சிறிது சிறிதாக ஒடுக்கிச் சீவவேண்டும். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பெட்டிகளில் வரும் கப்பல் தொகுதிகளில் வங்குகள் இயந்திரத்தால் வெட்டப்பட்டிருக்கும். எனினும் இவ்வொடுக்கும் வேலையை அப்பெட்டியும் உங்களுக்குச் செய்து தராது. பெட்டிக் கப்பலை நான் இகழ்வேனல்லேன். கை பழகுதற்கு அது நன்று. ஆனால் அதில் வருவது எப்போதும் பிறர் கடலிலோடிய கப்பலே.

நம் கடலிலோடிய கப்பல்கள் எங்கே? வடமராட்சிக் கடற்கரையில் வல்வெட்டித்துறை மக்கள் தம் ஊரிலேயே பாய்க்கப்பல்களைக் கட்டித் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் ஓட்டிப் பொருளீட்டினர். 1930 இல் அங்குக் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் எனும் அமெரிக்கர் வாங்கிப் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வேப்பமரத்தாலாகிய அக்கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகளே செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டனர். ஏறத்தாழ 89 அடி நீளமான அது, என் மேசையில் இருபத்திரண்டேகால் அங்குலமாய்ச் சுருங்கிவிடும்.

அவ்வகைக் கப்பலொன்றைச் செய்யவேண்டும் என்னும் ஆசையிற்றான் இரண்டாவது முயற்சியில் இறங்கினேன். படங்கள் சில கிடைத்தன. வரைபடம் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. ஆங்கில நூலொன்றிலிருந்த மேனாட்டுக் கப்பலின் வரைபடத்தைப் பின்பற்றி உடலைக் கட்டி முடித்தேன். பின்னர், இளமையிற் கப்பல் கட்டும் இடத்தில் எடுபிடியாய் நின்ற முதியவர் ஒருவர் பருத்தித்துறைப் பக்கத்தில் இருக்கிறார் எனக் கேள்வியுற்று, அதனைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்றேன். அவருக்கு அகவை எண்பத்தைந்துக்கு மேல், பார்வை மங்கியிருந்தது. கப்பலை மடியில் வைத்து, இரு கைகளாலும் அணியத்திலிருந்து பின்புறம்வரை மெல்லத் தடவினார்.

“தம்பி, நீர் வெறுங்கப்பலைக் கட்டியிருக்கிறீர்” என்றார்.

“விளங்கவில்லையே, ஐயா.”

“எங்கடை கப்பல் அரிசி ஏத்துற கப்பல். இப்படி முகம் ஒடுங்கினால், பாரம் ஏறினதும் மூக்கைக் குத்தும்.”

தாளில் எழுதிய அளவு ஏதும் தம்மிடம் இருந்ததில்லை என்றும், மேத்திரியாரின் கண்ணே அளவு என்றும் அவர் கூறினார். என் விரல்களைப் பிடித்து அணியத்தின்மீது வைத்து, எவ்விடத்திற் பருக்கவேண்டும், எவ்விடத்தில் உள்வாங்கவேண்டும் என்று காட்டினார். அன்றிரவே முன்பக்கப் பலகைகள் பதினொன்றையும் கழற்றினேன். ஒரு மாதம் உழைத்து மீண்டும் கொண்டுசென்றபோது, தடவிப் பார்த்துத் தலையசைத்தார். புகழ்ச்சியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாம் முறை சுக்கான் அமைப்பைக் கேட்டறிந்தேன். பாய்மரத்தின் உயரம், பருமல்களின் நீளம் என்பவற்றைத் தைப்பொங்கலுக்குப் பின்னர் பேசலாம் என்றார். பொங்கலுக்கு முந்திய கிழமை அவர் காலமானார் என்ற செய்தி வந்தது.

அவர் பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். கப்பல் பற்றிக் கேட்டேன். தாத்தா எங்களிடம் இவற்றைப் பேசியதில்லையே என்றனர். அவரிடம் எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை. கேட்ட நானும் முதலில் மரத்தைக் கெடுத்து, பின்னர் ஆங்கில நூலை நம்பி, ஈராண்டைப் போக்கியபின்னன்றோ அவர் படலையைத் தட்டினேன்!

பாய்க்குரிய துணியை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். பழைய மெல்லிய வேட்டித் துணியைக் கடுந் தேயிலைச் சாயத்தில் தோய்த்தெடுத்தால், கடற்காற்றும் உப்பும் பட்ட நிறம் அதற்கு வந்துவிடும். மொறீசியஸ் தீவில் விற்பனைக்கெனச் சிறு கப்பல் செய்வோரும் இவ்வாறே தேயிலையில் தோய்ப்பர். கயிற்றுக்குப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளவேண்டும்; இல்லையேல் அதன் மயிர்ச் சிலும்பல் அளவையே கெடுத்துவிடும். பாய்மரத்தைத் தாங்கி நிலையாக நிற்கும் கயிறுகள் கீல் பூசப்படுவன ஆதலாற் கருநிறமாகவும், பாயை ஏற்றியிறக்கும் கயிறுகள் வெளிறியனவாகவும் இருத்தல் வேண்டும்.

எம் வட்டாரத்து வீடுகளின் சுவர்களிலும் பழைய பெட்டகங்களிலும் பாய் விரித்த தோணியொன்றின் நிழற்படம் இருக்கலாம். இருப்பின், மரத்தருகே மனிதர் எவரேனும் நிற்கின்றனரா என்று பாருங்கள். ஒருவர் நின்றாலே போதும், அவரை அளவுகோலாக்கி மரத்தின் உயரத்தைக் கணித்துவிடலாம். என் கப்பலின் மேற்றட்டிற் பாய்மரத்துக்குரிய துளைகளை இன்னும் இடவில்லை. அவற்றின் இடத்தைப் பென்சிலால் மாத்திரம் குறித்து வைத்திருக்கிறேன்.