நாற்று வேண்டாத விதைகள்

தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு நாற்றுவிட்டு நடுவதுதான் வழக்கம். அதே பழக்கத்தில் முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் நாற்று வாங்க அலைய வேண்டாம். கிழங்காகப் பருக்க வேண்டிய வேர், பிடுங்கி நடும்போது ஒடிந்தால் இரண்டாகக் கவைத்துவிடும். வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி, புடலை, பாகல் இவற்றுக்கும் வேரைத் தொட்டால் ஆகாது. விதையை நேரே மண்ணில் ஊன்றுவதே நல்லது.

எவ்வளவு ஆழம்? விதையின் பருமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு போதும். தோல் தடித்த பாகல், புடலை விதைகளை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். குழிக்கு இரண்டு மூன்றாக ஊன்றி, முளைத்தபின் திடமான ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

கீரை விதை கதை வேறு. கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். மணலோடு கலந்து தூவி, மேலாக மண்ணைக் கிளறிவிட்டால் போதும். ஆனால் எறும்பு சும்மா இருக்காதே! பாத்தியின் ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவி வைப்பார்கள் நம் ஊர்ப் பெண்கள். எறும்புக்கு அது, நமக்குக் கீரை. நியாயமான பங்கீடுதான்!

தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்காமல் பூவாளியால் தெளியுங்கள், விதை அடித்துப் போகாது. நெருக்கமாக முளைத்த முள்ளங்கியைக் களைந்துவிடத் தயங்க வேண்டாம். பிடுங்கிய இளந்தழை அன்றைய பொரியலுக்கு ஆகும்.