கேஸ் ஷீட்டில் ஒரு வரி

சர்க்கரை வியாதி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூச்சுத்திணறலோடு வந்து படுத்திருந்த அந்த அம்மாள், பதில் சொல்லுமுன் மகனின் முகத்தைப் பார்த்தாள். "ஆறு மாசமாகத்தான், சார்" என்றான் மகன். பாலிசி எடுத்து இரண்டு வருஷமே ஆகியிருந்தது. அதற்கு முந்திய வியாதி என்று எழுதப்பட்டால் கம்பெனி பணம் தராது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

இது வைத்தியத்தில் அற்ப விஷயமன்று. நெடுங்காலச் சர்க்கரை சிறுநீரகத்தையும் விழித்திரையையும் நரம்புகளையும் ஓசையின்றி அரித்துவிடுவதாலும், வலி என்ற எச்சரிக்கையே இல்லாமல் மாரடைப்பு வர இடம் கொடுப்பதாலும், எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது, எந்த மருந்தின் அளவைக் குறைப்பது என்பதை டாக்டர் அந்த எண்ணையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்.

ஆனால் எழுதுகிற கையும் இப்பொழுது சுதந்திரமாக இல்லை. கேஷ்லெஸ் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க் அனுப்பும் காகிதங்களைப் பார்த்து, நோயாளியை ஒருநாளும் கண்டிராத ஒருவர், அட்மிட் செய்ய அவசியம் என்ன, வியாதி என்றைக்குத் தொடங்கியது, பழைய சீட்டுகள் எங்கே என்று 'குவெரி'மேல் குவெரியாக அனுப்ப, ரவுண்ட்ஸுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே அவற்றுக்கு விளக்கம் எழுதிக் கையெழுத்திடும் டாக்டர், தாம் சுத்தமான மனத்தோடு எழுதிய 'பத்து வருஷமாக' என்ற ஒரு வரியே ஒரு குடும்பத்தின் கோரிக்கை நிராகரிக்கப்படக் காரணமானதையும் காண நேரிடுகிறது. இரண்டு முறை அப்படி நேர்ந்தபின் மூன்றாம் முறை பேனா தயங்குகிறது. அந்த இடம் வெறுமையாக விடப்படுகிறது. நடுநிசியில் டியூட்டி டாக்டர் புரட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

பலர் கட்டிய பிரீமியத்தைக் காக்கக் கம்பெனி விசாரிப்பது நியாயமே. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2024-ல் சில நல்ல மாற்றங்களைச் செய்தது: பழைய வியாதிகளுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 4 வருஷத்திலிருந்து 3 வருஷமாயிற்று, 5 வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, வியாதியை மறைத்தார் என்று சொல்லித் தள்ள முடியாது, கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்ற கெடுவும் ஏற்பட்டது. இவற்றை அறிந்தவர் வார்டில் எத்தனை பேர்? கட்டணமில்லாமல் முறையிடக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருப்பதையும் பலர் அறியார்.

என் அபிப்பிராயத்தில் பிழை கட்டிலருகே தோன்றுவதன்று. பாலிசி விற்ற நாளில், விண்ணப்பத்தின் கேள்விகளுக்கெல்லாம் ஏஜெண்டே 'இல்லை, இல்லை' என்று நிரப்பிக்கொண்டு கையெழுத்து இடும் இடத்தை மட்டும் விரலால் காட்டுகிறாரே, அங்கே தொடங்குகிறது அது. அன்றே ரத்தத்தைப் பரிசோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதி, அதற்கேற்ற பிரீமியம் வாங்கியிருந்தால், அந்த மகன் பொய் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தமே நேர்ந்திராது.

மகன் மருந்து வாங்கக் கீழே போனதும் அந்த அம்மாள் நர்ஸைக் கையசைத்து அழைத்தாள். "பன்னிரண்டு வருஷமாச்சு, கண்ணு, பையன்கிட்டே சொல்லிடாதே" என்றாள். நர்ஸ் கேஸ் ஷீட்டைத் திறந்தாள். ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டு, டியூட்டி டாக்டரைத் தேடிப் போய் வாய்மொழியாகச் சொன்னாள்.