மீன் கூடையும் தண்டல் கணக்கும்

உரக் கடன் பற்றிப் பேசுகிறவன் இன்றைக்கு மீன் கூடைக்குப் போய்விட்டானே என்று நினைக்காதீங்க. கடன் கணக்கு வயலுக்கும் கடலுக்கும் ஒன்றுதான்.

ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலம். கூடை எடுக்கக் கையில் ரொக்கம் வேணும். அதற்குத்தான் தண்டல். ஆயிரம் ரூபாய் என்று எழுதி 900 கொடுத்து, தினம் 10 வீதம் 100 நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். 'நூறு ரூபாய்தானே போகுது' என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறதே! சராசரியாகக் கையில் நிற்பது சுமார் 450 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 100 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 80 சதவிகிதம். இதே கடன் 4 சதவிகிதத்தில் கிடைத்தால் வட்டி ஐந்து ரூபாயோடு சரி.

4 சதவிகிதக் கடன் கற்பனை இல்லை. ஏழைகளுக்காக 1972-லேயே தேசிய வங்கிகளில் வந்த திட்டம். ஈடு காட்ட ஒன்றுமில்லாத பெண் வங்கிப் படி ஏறுவது எப்படி என்பதுதான் சிக்கல். 1978-ல் ஜெயா அருணாசலம் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபாரம்' தொடங்கி, சென்னைக் குடிசைப் பகுதிகளில் சில்லறை வியாபாரம் செய்த பெண்களைச் சேர்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு குழு. ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் ஜாமீன். வங்கியில் அலைச்சல் மிஞ்சவே, 1981-ல் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது குழுத் தலைவிதான். அவளும் அதே இடத்துக்காரி. யாருக்கு வியாபாரம் நடக்கிறது, யார் வீட்டில் கடன் காசு சாராயத்துக்குப் போகும் என்பதெல்லாம் ஜீப்பில் வந்து இறங்கும் என்னைப்போன்ற ஆளுக்குத் தெரியுமா?

ஜாமீனில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒருத்தி தவணை தவறினால் நேற்றுவரை தோழியாக இருந்தவளே வாசலில் வந்து நிற்பாள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வரத்துக் குறையும்; தவணை குறையாது. ஆகவே அந்த இரண்டு மாதத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கடன் வாங்கும்போதே தலைவி கேட்டு எழுதி வாங்கட்டும். வட்டி முழுத் தொகைக்கா, குறைந்துவரும் பாக்கிக்கா என்றும் கேளுங்க. மழுப்பினால் கையெழுத்துப் போடாதீங்க.