உறுமுது, ஆனா சுத்தல: ஷவர் பம்ப் பற்றி ஒரு குறிப்பு

அலங்காநல்லூரில் எங்கள் தெருவில் மாடி வீடுகள் கூடக்கூட, ஷவருக்கென்று தனியாக பிரஷர் பம்ப் வைப்பதும் கூடிவிட்டது. காரணம் எளிய கணக்குதான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டி, மேல்மாடி ஷவரைவிட 2 மீட்டர்தான் உயரம் என்றால் 0.2 பார். ஷவர் சொட்டத்தான் செய்யும்.

சில வருஷத்தில் பம்ப் படுத்துவிடும். "காயில் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். எங்கள் வீட்டுப் பம்புக்கும் அதே தீர்ப்புதான் வந்தது. ஒத்துக்கொள்ளும் முன் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சத்தமே இல்லையா? பிளக்கில் கரண்ட் இருந்தும் ஓடாவிட்டால் முதல் சந்தேகம் ஃப்ளோ ஸ்விட்ச் மேல். பல பம்புகளில் தண்ணீர் ஓடும்போது ஒரு சின்னக் காந்தம் நகர்ந்து மோட்டாரை ஆன் செய்யும். போர் தண்ணீரின் உப்பு படிந்தால் அது சிக்கிக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஓடுது, ஆனால் வேகமில்லையா? ஷவர் துளைகளையும், பம்புக்கு முன்னால் ஃபில்டர் இருந்தால் அதையும் பாருங்கள்.

உறுமுது, ஆனால் சுற்றவில்லையா? உடனே அணையுங்கள். நின்ற நிலையில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இப்படியே விட்டால்தான் காயில் நிஜமாகவே கருகும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராதே, அந்த மாதிரி. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரண்டைக் காலத்தில் கொஞ்சம் தள்ளிவைத்து, அந்த முதல் சுற்றைத் தருவது கெப்பாசிட்டர். அதற்குள் இருப்பது மெல்லிய உலோகம் பூசிய பிளாஸ்டிக் தாள். வோல்டேஜ் எகிறும்போதெல்லாம் பூச்சில் ஒரு புள்ளி எரிந்து, அந்த இடம் தானாக அடைபடும். இப்படியே கொள்ளளவு தேய்ந்துகொண்டு வரும். சீலிங் ஃபேன் வருஷம் போகப்போக மெதுவாவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

இதோடு லோ வோல்டேஜ் சேர்ந்தால் கதை முடிந்தது. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், விசை சுமார் 60 சதவீதம்தான். காலையில் ஓடும் பம்ப் சாயங்காலம் உறுமினால், கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஃபேனைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் உள்ளே உப்போ துருவோ பிடித்திருக்கிறது. ஊருக்குப் போய் சில வாரம் கழித்து வந்தால் இது சகஜம். இலகுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். குண்டு பல்பு ஒன்றின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் சில விநாடி வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். எங்கள் பம்பில் 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டரில் 4 காட்டியது. மாற்றினேன், ஓடுகிறது.

வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் கேளுங்கள். "பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்பதை நம்ப வேண்டாம். இரண்டாவது காயிலில் கரண்ட் கூடி, அது சூடாகும். புதுசு போட்டும் உறுமினால், அப்போது காயில் கட்டுபவரிடம் கொண்டுபோகலாம்.