ஒரு லட்சம் சொற்களில் ஒரு சொல்

சென்ற ஆண்டு இலக்கிய மன்றத்தில் அகராதியில் சொல் தேடும் போட்டி நடந்தது. எனக்கு வந்த சொல் 'கழை'. கல், கலம், கலை எல்லாம் இருந்த பக்கங்களை மளமளவென்று புரட்டினேன். கழை அகப்படவில்லை. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "இந்தச் சொல் இப்புத்தகத்திலேயே இல்லை, சிஸ்டர்" என்று துணிந்து கூறிவிட்டேன். சிஸ்டர் ஒன்றும் பேசாமல் 'கவ்வு', 'கவை' முதலியவற்றைத் தாண்டிப் புரட்டிக் காட்டினார்கள். கழை: மூங்கில்! ல, ள, ழ மூன்றும் அக்காள் தங்கையர் போல் அடுத்தடுத்து இருக்கும் என்று நான் எண்ணியதே பிழை. ய, ர, ல, வ, ழ, ள என்பதல்லவா வரிசை? இருந்த சொல்லை இல்லை என்று சொன்ன வெட்கம்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

தோழியரே, அகராதி வருவதற்கு முன் நம் முன்னோர் எப்படிச் சொல் தேடினார்கள் தெரியுமா? திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் அன்று இருந்தன. அவை செய்யுள் நூல்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொகுதி தொகுதியாகப் பிரித்திருப்பார்கள். மனப்பாடம் செய்தவருக்கு அது கைவிளக்கு, செய்யாதவருக்கு இருட்டறை. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்குகிறது. அந்த முறையில் அகம், நகம், பகல் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கும். காதுக்கு இனிமைதான். ஆனால் ஒரு சொல் வேண்டுமென்றால் அந்த எதுகை முழுவதையும் ஓதிப் பார்க்க வேண்டும்.

1594-இல் சிதம்பரம் ரேவணசித்தர் 'அகராதி நிகண்டு' என்னும் நூலில் சொற்களை முதலெழுத்தின்படி வரிசையாக்கினார். ஆனால் முதலெழுத்தோடு நின்றுவிட்டது அவ்வரிசை. எல்லா எழுத்துகளையும் பார்த்து வரிசைப்படுத்திய பெருமை, இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவரையே சாரும். 1732-இல் அவர் செய்த சதுரகராதியில் நான்கு பகுதிகள் உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் அறியப் பெயரகராதி. ஒரு பொருளுக்குப் பல சொல் அறியப் பொருளகராதி. முக்கனி, ஐம்புலன் போன்ற தொகைகளுக்குத் தொகையகராதி. பாட்டெழுதுவோருக்கு எதுகை தேடித் தரத் தொடையகராதி. ஒரு பட்டியலை ஒரு முறையில்தான் அடுக்க முடியும். கேள்வி மாறினால் பட்டியலும் மாற வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டிருக்கிறார். இன்னொன்றும் செய்தார். அக்காலத்தில் எ, ஒ என்னும் குறில்களைப் புள்ளி வைத்துக் காட்டுவது மரபு. ஆனால் ஓலை கிழியும் என்று பலர் புள்ளியையே விட்டுவிடுவார்கள். அப்போது எரியும் ஏரியும் ஒன்றுபோல் தோன்றும். அப்படித் தோன்றினால் எந்த வரிசையில் போய்த் தேடுவது? குறிலும் நெடிலும் கண்ணுக்கு வேறாகத் தெரியும்படி எழுத்தைத் திருத்தியவர் அவரே.

வரிசை இருந்தால் என்ன லாபம்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் 1,04,405 சொற்கள் உள்ளன. வரிசையின்றிக் கிடந்தால் ஒரு சொல்லுக்காகச் சராசரியாக 52,000 சொற்களைப் பார்க்க வேண்டும். சொல்லுக்கு ஒரு விநாடி என்றாலும் 14 மணி நேரம்! வரிசை இருந்தாலோ, நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மறுபடியும் நடுவில் திறக்கலாம். இப்படி 17 முறை செய்தால் எந்தச் சொல்லும் அகப்பட்டுவிடும். நம் ஊர்ப் பெயரையே வைத்துப் பாருங்கள். ச, ம, ன என்பது வரிசையாதலால், மீசைக்கும் மீனுக்கும் நடுவே நிற்கிறது மீமிசல்!

கணினி இன்னும் விரைவாகத் தேடும். ஆனால் வரிசையை நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் அதுவும் என்னைப் போலவே தடுமாறும். யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அமைப்பாகக் கொடுத்த எண்கள் இவை. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கழை கவைக்கு முன்னால் வந்துவிடும். (இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது!) ஆகவே தமிழ் வரிசையைத் தனி விதியாக எழுதிக் கணினிக்குக் கொடுக்கிறார்கள்.

மனிதர் பெயர்களோ ஒரு விதிக்கு அடங்குவதில்லை. என் தாத்தாவுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசை, குடும்ப அட்டையில் ஜோசப். ஓர் அலுவலகத்தில் 'ஜ' வரிசையை மட்டும் பார்த்து, பெரியவர் பெயர் இல்லை என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அப்பத்தாவும் கூடப் போய், "தம்பி, சூசையின்னு பாருங்க" என்றார்கள். இருந்தது.

அப்பத்தா சொன்னது ஒரு விதி: ஜோசப் இல்லையென்றால் சூசையைப் பார். இப்படி 'இன்னது இருந்தால் இன்னது செய்' என்னும் விதிகளைக் கணினியில் இட்டு வைக்கும் ஏற்பாட்டை விதிப்பொறி எனலாம். ஆயிரம் விதிகளை லட்சம் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் கணினியும் களைத்துப் போகும். 1979-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி என்பவர் தம் ஆய்வேட்டில் இதற்கொரு வழி சொன்னார். பல விதிகளுக்குப் பொதுவான கேள்வியை ஒரே முறை கேட்டு, விடையை நினைவில் வைத்துக்கொள்வது. புதிய பெயர் வந்தால் அதை மட்டும் விதிகளினூடே செலுத்துவது. அம்முறைக்கு 'ரீட்டே' என்று பெயர். இலத்தீனில் வலை என்று பொருள். வலையில் ஒரு முடிச்சு பல கண்ணிகளுக்குப் பொதுவாக இருப்பதை நம் கடற்கரையில் யாரும் அறிவர்.

விதியை எழுதுவது மட்டும் ஆளைப் பொறுத்தது. இராயப்பன் என்றால் பீட்டர், சின்னப்பன் என்றால் பால், அருளப்பன் என்றால் ஜான் என்று நம் வீடுகளில் தெரியும். முகமது என்பதை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று பக்கத்து வீட்டுத் தோழியைக் கேட்டேன். விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒரு கை போதாமல் மறு கையையும் நீட்டினாள்.