இரு திருத்தங்களும் ஒரு பட்டறையும்

1974ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரெக்கர்ஸ், ஓலே ஐவார் லோவாஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், பெண்பிள்ளைகளைப் போல நடக்கிறான் என்பதற்காகச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட, ஐந்து வயதும் நிரம்பாத ஒரு சிறுவனுக்கு, ஆண்பிள்ளையாக நடந்தால் நீல வில்லையும் தவறினால் சிவப்பு வில்லையும் கொடுக்கப்பட்ட கதை விஸ்தாரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நீல வில்லைகள் தின்பண்டமாயின. சிவப்பு வில்லைகளிற் சில தகப்பனார் கையால் அடியாயின.

லோவாஸ் யார் என்று கேட்டால்தான் விஷயத்தின் விசித்திரம் விளங்கும். ஓட்டிசம் உள்ள குழந்தைகளை வெகுமதியாலும், ஆரம்ப காலத்தில் அறையாலும் மின்னதிர்ச்சியாலுங்கூட, மற்றக் குழந்தைகளைப் போல ஆக்கிவிட முயன்று, அவர்களுக்கான நடத்தைப் பயிற்சிக்கு மூலபுருஷராக விளங்கியவர் அவரே. பால்புதுமையினரைத் திருத்தும் கருவியும், மூளையின் இயல்பால் வேறுபட்டோரைத் திருத்தும் கருவியும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவை.

இவ்விரு சுபாவங்களும் ஒருவரிடத்திலேயே கூடிவருவது அபூர்வமன்று. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு தம்மைப் பொருத்திக்கொள்ளாதவர்களிடையே ஓட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு வரை மிகுந்து காணப்படுவதாகக் கூறிற்று. உடனே, 'ஓட்டிசத்தால் வந்த மயக்கம், தெளிந்துவிடும்' என்று தேற்றுவோர் உண்டு. அவர்களின் காதலை ஏற்றுக்கொண்டு, ஓட்டிசத்தை மட்டும் திருத்துவதாகக் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்க முனைவோரும் உண்டு. உள்ளபடி ஏற்று நடத்தும் உளவளத்துணை என்பது இவ்விரு திருத்தங்களையும் ஒருசேரக் கைவிடுவது. பாதி கைவிடுவது எளிது, ஆபத்தும் அங்கேதான்.

இலங்கையில், அலவத்துகொடவிலிருந்து கண்டிக்கு உளவளத்துணை நாடி வருகிற, இவ்விரு சுபாவங்களும் கூடிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாட்டு அலறும் பஸ்ஸில், அக்குறணைக் கடைவீதி நெரிசலில் நின்று நின்று, கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வந்து சேருமுன்பே, ஒலியும் ஒளியும் பன்மடங்கு உறைக்கும் சுபாவமுடைய அவருக்குப் பேசும் சக்தி பாதி தீர்ந்துவிடும். அந்நிலையில், 'என்ன உணர்கிறீர்கள்?' என்று கேட்டால் திகைப்பார். நெஞ்சு படபடப்பதும் கை சில்லிடுவதும் தெரிந்தாலும், அது பயமா ஆசையா என்பது இத்தகையோரில் பலருக்கு உடனே பிடிபடுவதில்லை. விஷயம் அறிந்த உளவளத்துணையாளர் குழல்விளக்கை அணைப்பார். கேள்விகளை முன்னதாகவே எழுதி அனுப்பியிருப்பார். 'உடம்பில் எங்கே தெரிகிறது?' என்று கேட்பார். வாய் வராத வேளையில் காகிதத்தை நீட்டுவார். சில்லறை உபகாரங்களாகத் தோன்றும் இவையின்றிக் காதலைப் பற்றிய பேச்சே தொடங்குவதில்லை.

அந்த அறைக்கு வெளியே சட்டமும் நிற்கிறது. தமிழகத்தில், 2021 ஜூன் 7 அன்று, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று கேட்டறிந்தபின், பால்புதுமையினரை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தும், அத்தீர்மானத்தோடு சட்டம் மாறிவிடவில்லை. ஆகையால், வந்தவர் தம்மைப் பற்றி ஏட்டில் என்ன எழுதப்படுகிறது, அது யார் யார் கண்ணில் படும் என்று முதல் நாளே துருவிக் கேட்டால், அதை நோயின் அறிகுறியாகக் கொள்ளலாகாது. சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் அவருக்கு 'இரகசியம் காப்போம்' என்ற பொதுவான வாக்குறுதி போதாது. எழுதிய பக்கத்தையே அவர் பக்கம் திருப்பிக் காட்டவேண்டும்.