உங்களுக்குத் தெரியுமா? – குட்டிக் கைகளும் சோப்பு நுரையும்

● சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்ப்பசை பிடிக்கும். கையிலுள்ள பிசுக்கை வால் கவ்விக்கொள்ள, தலையைத் தண்ணீர் இழுத்துப் போகும். பிசுக்கில் ஒட்டியிருந்த கிருமிகளும் கூடவே போய்விடும்.

● ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு மேலுறையே கொழுப்புதான். சோப்பு அதைக் கிழித்துவிடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு அந்த உறை இல்லை. அது சானிடைசருக்கு எளிதில் மசியாது. சோப்பு போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றித்தான் அனுப்ப வேண்டும்.

● கையைத் தேய்க்க வேண்டிய நேரம் 20 விநாடி. குழந்தைக்குக் கடிகாரம் வேண்டாம். 12 உயிரெழுத்தையும் 18 மெய்யெழுத்தையும் நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும்.

● கிருமி எப்படிப் பரவுகிறது என்று காட்ட கலர் கோலப்பொடி போதும். ஒரு பிள்ளையின் கையில் தேங்காயெண்ணெய் தடவி, பொடியைத் தூவுங்கள். அவன் நாலு பேரோடு கைகுலுக்கட்டும், கதவைத் திறக்கட்டும். நிறம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர்களே தேடுவார்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு கழுவல், சோப்பில் ஒரு கழுவல். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

● தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் சிதறி ஓடும். நீரின் மேற்பரப்பு இழுவிசையை சோப்பு குறைப்பதால் நடப்பது இது. பார்த்த பிள்ளை, விரல் பட்டாலே கிருமி ஓடிவிடும் என்று நினைத்துக்கொள்ளும். தேய்த்தால்தான் போகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

● 1847, வியன்னா பொது மருத்துவமனை. பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்த மருத்துவர்களை, குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார் அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஏப்ரலில் 100-க்கு 18 தாய்மார் இறந்த பிரிவில், ஜூலையில் அது 2-க்கும் கீழே இறங்கியது.

● கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வீடுகளுக்கு சோப்பு கொடுத்து, வாராவாரம் போய்க் கைகழுவச் சொல்லிக்கொடுத்தார்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2005.

● வங்கதேசப் பள்ளிகள் இரண்டில், கழிப்பறையிலிருந்து கைகழுவும் இடம் வரை காலடித் தடங்களையும், அங்கே உள்ளங்கை அச்சுகளையும் வண்ணத்தில் வரைந்தார்கள். பாடம் நடத்தவில்லை, அதட்டவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து, ஆறே வாரத்தில் 74 சதவீதம் ஆனார்கள்.

● அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள்: கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு நகக்கண்தான் முக்கியம். கழுவியபின் துடைப்பதும் அவசியம்; ஈரக்கையில் கிருமி எளிதாகத் தொற்றும்.

● மீன்குழம்பு வாடை போக, சாப்பிட்ட பின் சோப்பு போடுகிறோம். சாப்பிடும் முன்போ வலது கையை மட்டும் நனைத்துவிட்டு உட்காருகிறோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். இன்றைக்குச் சோற்றுத் தட்டு வைக்கும் முன், அவர்களோடு நின்று இரண்டு கைக்கும் சோப்பு போடுங்கள்.